நடமாடும் எடைக்கல்

ஜனவரி 9

அன்புள்ள வார்டனம்மாவுக்கு,

இங்கே எல்லாம் வழக்கம் போல. சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, வீட்டுக்காரர் இன்னும் "நாளைக்கு ஆள் அனுப்பறேன்" என்கிறார். போனில் நீ "வேற என்ன?" என்று கேட்ட உடனேயே எனக்குச் சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோகிறது. அதனால்தான் இந்த வயதில் கடிதம் எழுதப் பழகுகிறேன். பிழை இருந்தால் உன் ஹாஸ்டல் பெண்களிடம் காட்டிச் சிரிக்காதே.

தலைமை வார்டன் வேலை உனக்குத்தான் என்று பிரின்சிபால் சொன்னதைப் படித்ததும், பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் போய்ப் பெருமையடித்துவிட்டு வந்தேன். மூன்று வருஷம்தானே, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். யோசிக்காமல் கையெழுத்துப் போடு. எனக்குச் சமைக்கத் தெரியும், துவைக்கத் தெரியும். சண்டை போடத்தான் ஆள் இல்லை.

எனக்கு வேலை எக்கச்சக்கம். வருஷ சர்வீஸ் நேரம். எடை மெஷின்கள் எல்லாம் பேசி வைத்துக்கொண்டு கெட்டுப்போயிருக்கின்றன. முதலில் பார்சல் ஆபீஸ், அப்புறம் உடற்பயிற்சிக் கூடம், நேற்று நம் டாக்டரின் கிளினிக். மூன்றும் மூன்று கிலோ குறைத்துக் காட்டின. கிளினிக் மூன்றாவது மாடி, லிப்ட் ஓடவில்லை. இரும்பு எடைக்கற்களைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு ஏற என் முழங்கால் சம்மதிக்குமா? மற்ற இரண்டு இடத்திலும் செய்தது மாதிரி, வழக்கம் போல நானே மெஷின்மேல் ஏறி நின்றேன். என் எடை எழுபத்திரண்டு என்பது கம்பெனியில் எல்லாருக்கும் மனப்பாடம், என்னை நடமாடும் எடைக்கல் என்றுதானே கூப்பிடுகிறார்கள். மெஷினோ அறுபத்தொன்பது என்றது. எழுபத்திரண்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நர்ஸ் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். இரவில் ரவுண்ட்ஸ் போகும்போது ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

இப்படிக்கு,
குழாய்ச் சத்தத்தில் தூங்கும்
உன் வீட்டுக்காரன்


ஜனவரி 17

அன்புள்ள தராசுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் பெண்களிடம் காட்டவில்லை. நானே தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

இங்கே இரண்டாம் மாடிப் பெண்கள் ஒரு பூனைக்குட்டியை வாளிக்குள் ஒளித்து வளர்க்கிறார்கள். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. நேற்று கதவைத் தட்டினேன், உள்ளே மியாவ் என்றது. உடனே ஒருத்தி "மேடம், எனக்குத்தான் தொண்டை சரியில்லை" என்று இருமிக் காட்டினாள். "நல்லா பாலை சூடு பண்ணிக் குடிம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உங்கள் மெஷின் கதையை இரண்டு தடவை படித்தேன். எனக்கு உங்கள் தொழில் தெரியாது. ஆனாலும் கேட்கிறேன்: மூன்று இடத்து மெஷின், மூன்றும் ஒரே அளவுக்கா கெட்டுப்போகும்? அவர்களில் யாராவது மெஷின் சரியில்லை என்று புகார் சொன்னார்களா? நாலாவதாக ஒன்று உண்டு, அது மூன்று இடத்துக்கும் போய் வந்தது, அதற்கு மீசை இருக்கிறது. அதை யாராவது சர்வீஸ் செய்தார்களா?

கோபித்துக்கொள்ளாமல் ஒரு தடவை நிஜமான கல்லைத் தூக்கி வைத்துப் பாருங்கள். நான் இல்லாத துக்கத்தில் நீங்கள் உருகிப் போயிருந்தால் எனக்கு ரொம்பப் பெருமை. ஆனால் அளவோடு உருகுங்கள்.

பிரின்சிபாலுக்கு மார்ச் முதல் வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்கள்தான் அதற்குள் சரி என்று சொல்லிவிட்டீர்களே. அவ்வளவு சீக்கிரம். சரி, போகட்டும்.

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று விவரமாக எழுதவும். "சாப்பிட்டேன்" என்று மொட்டையாக எழுதினால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்கள்,
பூனைக்குப் பால் வைப்பவள்


ஜனவரி 24

அன்புள்ளவளுக்கு,

நீ சொன்னது சரி. கம்பெனியில் எல்லாரும் போன பிறகு, அங்கிருந்த ஒரு மெஷினில் கல்லை வைத்துப் பார்த்தேன். மெஷின் கல்லுக்குச் சரியாகக் காட்டியது. கல்லை இறக்கிவிட்டு நான் ஏறினேன். அறுபத்தொன்பது. இன்னொரு மெஷின். அறுபத்தொன்பது. செருப்பைப் போட்டுக்கொண்டு ஏறினேன், பையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு ஏறினேன். நான் என்னிடமே லஞ்சம் கொடுக்கிற மாதிரி இருந்தது. இறங்கிவிட்டேன்.

நீ கேட்ட சாப்பாட்டுக் கணக்கு இதோ. பொய் சொல்ல மாட்டேன்.

காலையில் இரண்டு முட்டை, ரொட்டி. மதியம் கம்பெனி கேன்டீனில் முழுச் சாப்பாடு. இரவு நானே சமைத்துச் சுடச்சுடச் சாப்பிடுகிறேன். ஒரு வேளைகூட விடவில்லை. நடை கூடவில்லை, வேலை கூடவில்லை, கவலையும் இல்லாமல்தான் இருந்தது, போன வாரம் வரை. பின் எங்கே போனது அந்த மூன்று கிலோ? ஒரு மெஷின் மூன்று கிலோவைத் தொலைத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். உள்ளே தூசி, தேய்மானம், யாரோ கீழே போட்டது. நான் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவேன். என்னை எங்கே கழற்றுவது?

இப்போதெல்லாம் பல் தேய்க்கும்போது கழுத்தைத் தடவிப் பார்க்கிறேன். நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்க்கிறேன். தையல்காரர் சும்மா இருக்காமல், "என்ன சார், சட்டை தோள்ல தொங்குது, ஸ்லிம் ஆயிட்டீங்க, ஜம்முனு இருக்கு" என்றார். போய்ச் சேர்ந்த என் அண்ணனிடமும் முதலில் எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். நீ சொன்னது கூட ஞாபகம் இருக்கிறது, "உங்க அண்ணன் மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டாரு" என்று.

பார்சல் ஆபீசுக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் போய்க் கல்லை வைத்து மறுபடி சரிசெய்துவிட்டேன். கிளினிக் மட்டும் பாக்கி. மாடி ஏற வேண்டும்.

இதற்கும் உன் வேலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீ கையெழுத்துப் போடு. நம் பையனிடம் எதுவும் சொல்லாதே, அவன் வெளியூரில் இருந்துகொண்டு கம்ப்யூட்டரில் தேடி எனக்கு இல்லாத வியாதியெல்லாம் கண்டுபிடிப்பான்.

அன்புடன்,
மூன்று கிலோ குறைந்தவன்


ஜனவரி 30

என் அன்பானவருக்கு,

உங்கள் அண்ணனை நினைத்துத்தான் பயப்படுகிறீர்கள் என்பதை நீங்கள் எழுதுவதற்கு முன்பே தெரியும். நான் அப்படிச் சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. ஆனால் அவர் இளைத்தது வெறும் மூன்று கிலோ இல்லை. அவருக்குப் பசியே போய்விட்டது, நீங்கள் இரண்டு முட்டை சாப்பிடுகிறீர்கள். அவர் டாக்டரிடம் போகாமல் பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டே இருந்தார். அதைத்தான் நீங்கள் செய்யக் கூடாது.

டாக்டரிடம் போங்கள். "முழங்கால் வலி, மாடி, லிப்ட்" என்ற சாக்கெல்லாம் வேண்டாம். நம் டாக்டரிடம் உங்கள் பழைய கார்டு இருக்கிறது, போன வருஷம் எழுபத்திரண்டு என்று அதில் எழுதியிருக்கும். அதைக் காட்டி, இப்போது இவ்வளவுதான் இருக்கிறேன் என்று சொல்லுங்கள். ரத்தம் எடுக்கச் சொன்னால் கையை நீட்டுங்கள். ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பாருங்கள், போன தடவை நர்ஸ் உங்களைத் தாங்கிப் பிடித்ததை நான் மறக்கவில்லை.

இங்கே பூனை விவகாரம் வெளிவந்துவிட்டது. சமையல்காரம்மா காலில் அது உரசிவிட, அந்தம்மா போட்ட கூச்சலில் மூன்று மாடியும் கீழே வந்துவிட்டது. விசாரணை நடத்த வேண்டியவள் நான். முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பூனையைத் தோட்டக்காரர் எடுத்துக்கொண்டார். பெண்கள் அழுதார்கள். உங்களிடம் மட்டும் சொல்கிறேன், எனக்கும் கண் கலங்கியது. இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் கலங்குகிறது.

டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதுங்கள்.

உங்கள்,
உம்மணாமூஞ்சி வார்டன்


பிப்ரவரி 8

அன்புள்ளவளுக்கு,

இந்தக் கூத்தை எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை.

போனேன். நர்ஸ் கார்டை எடுத்தாள், போன வருஷம் எழுபத்திரண்டு. "மெஷின்ல ஏறுங்க சார்" என்றாள். ஏறினேன். எழுபத்திரண்டு.

நான்தானே அதை அப்படி வைத்தேன்! அறுபத்தொன்பது கிலோ ஆள் ஏறினால் எழுபத்திரண்டு காட்டு என்று என் கையாலேயே சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன், அதுவும் சொன்ன பேச்சைத் தட்டாமல் காட்டுகிறது. மெஷினைச் சரிசெய்யாமல் டாக்டரிடம் போகக் கூடாது என்பது மெஷின்மேல் நின்ற பிறகுதான் மண்டையில் ஏறியது.

டாக்டர் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எடை ஒரு கிராம் கூடக் குறையலையே. நீங்க எடை மெஷின் ஆளு, உங்களுக்கே சந்தேகமா? வீட்டம்மா ஊர்ல இல்ல, அதான் மனசு எதையாவது பிடிச்சுக்குது" என்றார். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து முதுகில் தட்டி அனுப்பிவிட்டார். மெஷின் தப்பு, தப்பாக வைத்தது நான் என்று எப்படிச் சொல்வது? வாய் வரைக்கும் வந்தது. காத்திருக்கும் ஆட்கள் பார்க்கிறார்கள். நர்ஸ் வேறு, "நம்ம மெஷினை சாரே போன மாசம்தான் சரி பண்ணாரு" என்று பெருமையாகச் சொல்கிறாள். அசடு வழியச் சிரித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

இன்னொன்று சொல்கிறேன், திட்டாதே. படி இறங்கும்போது சந்தோஷமாக இருந்தது. அந்த முள் எழுபத்திரண்டில் போய் நின்றபோது, தப்பென்று தெரிந்தும், அதையே நம்பிவிடலாம் என்று தோன்றியது. வீடு வந்து நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். பார்க்கப்போனால் சத்து மாத்திரையே போதுமோ என்னவோ.

குழாய் சரியாகிவிட்டது. சத்தம் இல்லாமல் வீடு என்னவோ போல இருக்கிறது.

உன்,
எழுபத்திரண்டு கிலோ


பிப்ரவரி 12

உங்களுக்கு,

சிரிப்பேன் என்று எதிர்பார்த்து எழுதியிருக்கிறீர்கள். முதல் பக்கத்தில் சிரித்தேன். அப்புறம் எனக்கு வந்த கோபத்தில், கதவைத் தட்டிய பெண்ணை "அப்புறம் வா" என்று விரட்டிவிட்டேன்.

அந்த மெஷின்மேல் நீங்கள் மட்டுமா ஏறுகிறீர்கள்? இந்த ஒரு மாதத்தில் எத்தனை பேர் ஏறியிருப்பார்கள்? உங்களை மாதிரியே ஒருவர், "டாக்டர், இளைச்சுக்கிட்டே போறேன்" என்று வந்திருந்தால், அவரையும் முதுகில் தட்டித்தானே அனுப்பியிருப்பார்? அவருக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள். அவள் நிம்மதியாக இருப்பாள், நீங்கள் கொடுத்த நிம்மதி. உங்கள் அண்ணனுக்கு யாராவது இப்படிச் செய்திருந்தால் நீங்கள் அந்த ஆளை விட்டு வைத்திருப்பீர்களா?

நாளைக்கே போங்கள். கல்லைத் தூக்கிக்கொண்டு போங்கள், முழங்கால் வலித்தால் படிக்குப் படி உட்கார்ந்து போங்கள். பூசி மெழுகாமல் சொல்லுங்கள். மானம் போனால் போகட்டும், உங்கள் மானத்தை நான் என்ன எடை போட்டா கட்டிக்கொண்டேன்?

இதைச் செய்துவிட்டு எழுதுங்கள். செய்யாமல் எழுத வேண்டாம்.

வார்டன்


பிப்ரவரி 25

என் அன்பானவளுக்கு,

செய்துவிட்டேன். எழுதுகிறேன்.

கல்லைத் தூக்கிக்கொண்டு இரண்டு நடையாக ஏறினேன். நர்ஸிடம் முதலில் சொன்னேன். அவள் முகம் செத்துப்போய்விட்டது. டாக்டர் நான் சொல்லி முடிக்கும் வரை பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அப்புறம் கத்தினார் பார், வெளியே உட்கார்ந்திருந்த குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. "நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்கில்லையா?" என்றார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கத்தி ஓய்ந்த பிறகு, அந்த மாதத்தில் எடை பார்த்த எல்லாரையும் திரும்பக் கூப்பிடச் சொன்னார். "வந்து நீங்களே நின்னு பாருங்க" என்றார். லீவு போட்டுவிட்டு அந்த வாரம் முழுக்க மெஷின் பக்கத்திலேயே நின்றேன்.

நீ எழுதிய அந்த ஆள் நிஜமாகவே இருந்தார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். இளைத்துவிட்டேன் என்று வந்தவரை, மெஷினைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பியிருக்கிறார்கள். கூடவே மனைவி வந்திருந்தார், அவருடைய மூக்குக் கண்ணாடியைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு. இந்தத் தடவை சரியான எடை வந்தது, நன்றாகவே குறைந்திருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை கன்னாபின்னாவென்று ஏறியிருக்கிறது. நல்லவேளை, மருந்தில் அடங்கிவிடுமாம். நான் அவரிடம் போய் என் தப்பைச் சொன்னேன். "ஒரு மாசம் போச்சு, போகட்டும். கணக்கைத் திருத்த வந்தீங்களே" என்றார். அந்தம்மா என்னைப் பார்க்கவே இல்லை. அவர் மன்னித்தது மனதில் நிற்கவில்லை, அந்தம்மா பார்க்காததுதான் நிற்கிறது.

என் விஷயம். ரத்தம், சிறுநீர், படம் எல்லாம் எடுத்தார்கள். சுவரைத்தான் பார்த்தேன், விழவில்லை. எல்லாம் சுத்தம். எடை மட்டும் அறுபத்தொன்பது. ஏன் குறைந்தது என்று கேட்டேன். "தெரியல" என்றார் டாக்டர். "சில சமயம் இப்படி ஆகும், காரணம் கிடைக்காது. பயப்படற மாதிரி எதுவும் இல்ல. மூணு மாசம் கழிச்சு வாங்க, மறுபடி பார்ப்போம்" என்றார்.

நல்ல சேதிதான். தையல்காரர்கூட இனிப்பு வாங்கிக் கொடுத்தார். ஆனால் எனக்கு அந்த "தெரியல" இறங்கவே மாட்டேன் என்கிறது. பகலெல்லாம் சமாளித்துவிடுகிறேன். விளக்கை அணைத்ததும் வந்துவிடுகிறது. நெஞ்சில் கை வைத்தால் எலும்பு தட்டுப்படுகிறது, நேற்றும் தட்டுப்பட்டதா என்று யோசிக்கிறேன். எழுந்து உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். காலையில் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, சிரிக்கிற மாதிரி வேறொன்று எழுதி அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தைக் கிழிக்கவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு யாரிடம் சொல்வேன்?

இதையெல்லாம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் இருந்துவிடாதே. உனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது, உன் கடிதத்திலேயே தெரிகிறது.

உன்,
அறுபத்தொன்பது


மார்ச் 4

என் ராசாவுக்கு,

இப்படிக் கூப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று! எழுத்தில் என்றால் வெட்கமில்லாமல் வருகிறது.

நீங்கள் மாடி ஏறினீர்கள் என்று படித்ததும் கடிதத்தை மறுபடி முதல் வரியிலிருந்து படித்தேன். அந்தம்மா உங்களைப் பார்க்காமல் போனது சரிதான். அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் பார்த்திருக்க மாட்டேன். அதைச் சுமந்துகொண்டுதான் ஆக வேண்டும். ஆனால் நீங்கள் அங்கே ஒரு வாரம் நின்றீர்களே, அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

இப்போது நான் சொல்கிறேன். "உருகிப் போயிருந்தால் பெருமை" என்று வாய்த்துடுக்காக எழுதினேனே, நீங்கள் அறுபத்தொன்பது என்று பதில் எழுதிய அன்றிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. பூனைக் கதை, சமையல்காரம்மா கதை எல்லாம் உங்களைச் சிரிக்க வைக்கத்தான் எழுதினேன். எழுதி ஒட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன். நீங்கள் கிழித்துப் போட்டீர்கள், நான் எழுதவே இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கும் பயம். உங்களைவிட அதிகப் பயம்.

இன்னொரு வருத்தமும் உண்டு, அதையும் கொட்டிவிடுகிறேன். வேலை விஷயத்தை நான் சொன்னதும் "மூன்று வருஷம்தானே, கையெழுத்துப் போடு" என்று எழுதிவிட்டீர்கள். தலைமை வார்டனுக்குத் தங்க இடம் உண்டா, எப்படிப்பட்ட இடம் என்று ஒரு வார்த்தை கேட்பீர்கள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் தேடினேன். உங்களுக்கு நான் இல்லாமலும் ஓடிவிடும்போல என்று நினைத்து, நானும் வீம்பாகச் சொல்லாமல் இருந்துவிட்டேன். உண்டு. தோட்டத்துப் பக்கம் தனி வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, குடும்பத்தோடு இருக்கலாம். ஜன்னலைத் திறந்தால் பெண்கள் துணி காயப்போடும் கொடி தெரியும். அவ்வளவு அழகான இடம் ஒன்றுமில்லை, ஆனால் இருவருக்குப் போதும்.

நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். போட்டுவிட்டு, "என் வீட்டுக்காரரும் வருவார்" என்று பிரின்சிபாலிடம் சொன்னேன். உங்களைக் கேட்காமல் சொன்னேன். எடை மெஷின் இல்லாத ஊர் எங்கே இருக்கிறது? கம்பெனியில் மாற்றல் கேளுங்கள். கொடுக்காவிட்டாலும் வாருங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் வரச் சொன்ன நாளில் இருவருமாகப் போய்விட்டு வருவோம். குறைந்திருக்குமா, கூடியிருக்குமா என்று எனக்கும் தெரியாது. "தெரியாது" என்பதை நீங்கள் தனியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம், பாதியை என்னிடம் கொடுங்கள்.

வரும்போது தலையணையும் போர்வையும் எடுத்து வாருங்கள், மற்றது இங்கே இருக்கிறது. இனிமேல் ராத்திரி பயம் வந்தால் எழுந்து கடிதம் எழுத வேண்டாம். என்னை எழுப்புங்கள். நான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்புங்கள்.

உங்களுடைய,
நான்